சங்கு ஊதும்போது

வால்பரைசோ துறைமுகம், மூன்றாம் மாடி,
ஏற்றுமதிப் பிரிவு. செர்ரிப் பருவம்.
எர்மிந்தா நாளொன்றுக்கு
இருநூற்றுப் பத்துப் படிவம் அடிப்பாள்:
பெட்டி எண், எடை, பழத்தின் ரகம்,
குளிரின் அளவு, மறுபடியும் பெட்டி எண்.
அவள் விசைப்பலகையில்
எட்டு என்ற எண் அழிந்தே போயிருந்தது.

முதலில் கட்டைவிரல் மரத்தது.
அப்புறம் ஆள்காட்டி விரல்.
குளிர் என்றாள்.
அது டிசம்பர். தெற்கே அது கோடை.
ஜன்னலுக்கு வெளியே கடல்சிங்கங்கள்
மிதவையின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை
தேநீர்க் கோப்பை கைக்கு எட்டியது,
வாய்க்கு எட்டவில்லை.
பழமொழி சொல்லவில்லை, பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன்.
பாதி வழியில் மணிக்கட்டு
தன் வேலை என்னவென்று மறந்துபோனது.
ஷாங்காய்க்குப் போகவேண்டிய
பன்னிரண்டு டன் பழத்தின் மேல்,
காகிதத்தில்தான்,
தேநீர் மெல்லப் பரவியது.

பிசியோதெரபிஸ்ட் மைத்தே அதிகம் பேசுகிறவள் இல்லை.
நாற்காலியை நான்கு விரல் உயர்த்து.
மணிக்கட்டை மேலேயும் வளைக்காதே, கீழேயும் வளைக்காதே.
மேசை விளிம்பில் அதைச் சாய்த்துத் தூங்கவிடாதே.
மவுஸைத் தேடி கை போகக்கூடாது,
மவுஸ்தான் கைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.
வலிக்கும் முன்னே நிறுத்து.

"முன்னே என்றால் எப்போது?"
மைத்தே தோளைக் குலுக்கினாள்.

நாற்காலி உயர்ந்தது, கால் தரையை விட்டது.
பழைய சுங்க விதித் தொகுப்பு, இரண்டு பாகம்,
கெட்டி அட்டை, அவள் காலடிக்கு வந்தது.
"முப்பது வருஷத்தில் முதல்முறையாக
யாருக்கோ அது பயன்படுகிறது" என்றார் உபால்டோ.

எப்போது என்பதற்கு அவளே ஒரு விடை கண்டுபிடித்தாள்.
துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால்
கையை விட்டுவிடுவது.
கைவிடுதல் என்றால் கைவிடுதல்தான்:
இரண்டு கையும் தொடையோரம்
ஈரத் துணிபோலத் தொங்கும்.
விரல்களை விரிப்பாள். மடக்குவாள்.
எழுந்து ஜன்னல்வரை போய்
எந்தக் கப்பல் என்று பார்த்துவிட்டு வருவாள்.
சங்கு ஊதினால் கதை முடிந்தது என்று
நான் கேலி செய்தேன்.
அவள் சிரித்தாள், கை தொங்கியபடி.

பிறகு ஒருநாள் மூடுபனி.
மலையில் ஏறும் விஞ்ச் வண்டிகூடத் தெரியவில்லை.
இரண்டு நிமிடத்துக்கு ஒரு சங்கு.
எர்மிந்தா உட்கார்ந்தாள், எழுந்தாள்,
உட்கார்ந்தாள், எழுந்தாள்.
மேலாளர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னிருந்து
எண்ணிக்கொண்டே இருந்தார்.
அன்றைக்குத் தொண்ணூற்றாறு படிவம்.
அன்றிரவு கை விழித்து அவளை எழுப்பவில்லை.

பிறகு சரக்கு இறக்குவோர் வேலைநிறுத்தம்.
கப்பல் வரவில்லை, போகவில்லை, ஊதவில்லை.
கிரேன்கள் கொக்குபோல நின்றன.
தேங்கிய படிவங்களை அடித்துத் தீர்த்தாள்,
நாலரை மணி நேரம், ஒரே மூச்சில்.
மறுநாள் கதவுக் குமிழைத் திருப்ப
அவளுக்கு இடது கை தேவைப்பட்டது.

இப்போது அவள் மேசையில்
ஒரு லிட்டர் கண்ணாடிக் கூஜா இருக்கிறது.
காலையில் ஒன்று, மதியம் ஒன்று, காலி செய்கிறாள்.
"சிறுநீர்ப்பை
எந்தத் தொழிற்சங்கத்திலும் உறுப்பினர் இல்லை,
மூடுபனியும் அதற்குத் தெரியாது" என்கிறாள்.
முக்கால் மணிக்கு ஒருமுறை எழுகிறாள்.
மேலாளர் இதையும் எண்ணினார்,
இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

கேலி செய்த நான்
ஒரு சங்குக்கும் எழுந்ததில்லை.
நூற்றுக்கணக்கில் கேட்டேன்,
கேட்டுக்கொண்டே அடித்தேன்.
இந்த வரிகளை இடக்கையால் அடிக்கிறேன்.
வலக்கை கட்டுக்குள் இருக்கிறது,
மைத்தே சொன்ன ஆறு வாரத்தில் இரண்டாவது.

இடக்கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.
ஒரு சிறு கூச்சம்கூட இல்லை.
எர்மிந்தா இதற்குள் இரண்டுமுறை
என் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டாள்.
சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது,
அந்த எட்டு எண்ணைப் பற்றி.
இருக்கட்டும்.
தண்ணீர் குடிக்கப் போகிறேன்.